வறுத்த ராகியில் பீர் பொங்காது

இங்கே சூப்பர் மார்க்கெட்டில் கேக் மாவும் ஜாம் பாட்டிலும் அடுக்கியிருக்கும் வரிசையிலேயே, கொஞ்சம் தள்ளி, வீட்டில் பீர் காய்ச்சுவதற்கான டின்கள் இருக்கின்றன. நியூசிலாந்துக்கு வந்த புதிதில் ஒருநாள் பில் போட நின்றிருந்தேன். எனக்கு முன்னால் நின்ற வயதான அம்மாளின் வண்டியில் பூனைத் தீவனம், முட்டை, கம்பளி நூல் உருண்டை, அவற்றோடு அப்படி ஒரு டின். பில் போட்ட பெண் டின்னை எடுத்து, "போன தடவை நன்றாக வந்ததா?" என்று கேட்டாள். "நுரையே கட்டவில்லை, இந்தத் தடவை சர்க்கரையைக் கூட்டப் போகிறேன்" என்றார் அந்த அம்மாள். மாவு சரியாகப் புளிக்கவில்லை என்று நம் ஊரில் அலுத்துக்கொள்வார்களே, அதே குரல். நான் பால் பாக்கெட்டைப் பிடித்துக்கொண்டு சுற்றும் முற்றும் பார்த்தேன். ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த அம்மாள் டின்னை முட்டைக்குப் பக்கத்தில் பத்திரமாக வைத்துக்கொண்டு போய்விட்டார்.

எங்கள் ஊர் பாலக்கோட்டுக்குப் பக்கம். தக்காளிக் காடு, கொஞ்சம் ராகி, இரண்டு மாடு, ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில். அப்பா மார்க்கெட்டுக்குத் தக்காளி ஏற்றிக்கொண்டு போனால் காலிப் பெட்டிகள் மட்டும் பக்கத்துக் காட்டுக்காரரின் டிராக்டரில் வீடு வந்து சேரும். அப்பாவைத் தேடிக் கூட்டி வருவது அம்மாவின் வேலை. சரக்குக் கடை பஸ் நிற்கும் ரோட்டிலேயே இருந்தது. மற்றப் பெண்கள் அந்த இடம் வந்ததும் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு எதிர்ப்பக்கமாகப் போய்விடுவார்கள். அம்மா மட்டும் கடை வாசல்வரை போக வேண்டும். அங்கே நிற்கிறவர்களின் கிண்டலையெல்லாம் கேட்டுக்கொண்டு அப்பாவைத் தோளில் சாய்த்து இழுத்து வர வேண்டும். கண் மஞ்சளாகி, வயிறு வீங்கி அவர் செத்தபோது நான் கல்லூரியில் வேதியியல் படித்துக்கொண்டிருந்தேன். என் வீட்டு வாசலை ஒரு பாட்டிலும் தாண்டக் கூடாது என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

அப்படிப்பட்ட என் வீட்டு கராஜில் இப்போது ஒரு பெரிய பிளாஸ்டிக் வாளி, மூடியில் செருகிய குழாய் வழியாகக் குமிழ் விட்டுக்கொண்டு நிற்கிறது. உள்ளே இருப்பது பீர். காய்ச்சியது நான். முகம் சுளிக்கிறீர்களா? தாராளமாகச் சுளியுங்கள். ஊரில் என் சொந்தக்காரர்கள் உங்களைவிட நன்றாகவே சுளித்தார்கள். இந்த வாளியால் என் தங்கை ஜெனிட்டாவின் கல்யாணம் நின்றுபோகப் பார்த்தது. கல்யாணம் முடிந்து நான் இங்கே திரும்பியும் வந்தாயிற்று. கோபம் மட்டும் இன்னும் ஆறவில்லை.

நாங்கள் இருப்பது இன்வர்கார்கிலில். நாட்டின் தென்கோடி, குளிரும் காற்றும் தவிர வேறு அதிகம் இல்லாத ஊர். பால் பவுடர் தொழிற்சாலையின் ஆய்வகத்தில் எனக்கு வேலை. பக்கத்து மேசையில் ஹெலன். வந்த வருடம் எனக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவள் அவள்தான். தன் அப்பாவோடு சேர்ந்து சின்ன வயதிலிருந்தே பீர் காய்ச்சியவள். நடுவயதில் அவளுக்கு ஒரு வியாதி வந்து கோதுமையும் பார்லியும் உடம்புக்கு ஆகாது என்றாகிவிட்டது. பீர் என்றால் பார்லி, அதனால் அதையும் விட்டுவிட்டாள். ஒருநாள் மதியம் என் டப்பாவில் இருந்த ராகிக் களியைப் பார்த்து, சாக்லேட்டா என்று கேட்டாள். தானியம், உன் உடம்புக்கு ஒன்றும் செய்யாது என்றேன். ருசி எப்படி, விலை என்ன என்றெல்லாம் அவள் கேட்கவில்லை. "முளைக்குமா?" என்றாள். எங்கள் ஊரில் குழந்தைகளுக்கு முளைகட்டித்தான் கொடுப்போம் என்று சொன்னேன். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம் வந்ததை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

ராகியில் பீர் காய்ச்ச ஹெலனுக்காகத்தான் ஒப்புக்கொண்டேன் என்று சொன்னால் பாதிதான் உண்மை. என் அப்பாவைத் தின்ற பொருள் எப்படி உண்டாகிறது என்று கிட்டத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்ற வெறி எனக்குள் ரொம்ப நாளாகவே இருந்தது. என் கணவர் அமல்ராஜ் வாயில் ஒரு சொட்டு வைக்காதவர். "உனக்கு வேற பொழப்பே கெடைக்கலயா?" என்று கேட்டார். கேட்டுவிட்டு, ஹெலன் கொடுத்த பழைய பாட்டில்களை எல்லாம் வெந்நீரில் போட்டுக் கழுவ ஆரம்பித்தார்.

எங்கள் பையனுக்குக் கஞ்சி வைக்க அம்மா ஊரிலிருந்து முளைகட்டிய ராகி மாவு அனுப்பியிருந்தாள். அதையே முதலில் எடுத்தோம். தண்ணீரைக் கை பொறுக்காத சூட்டில் நிறுத்தி, மாவைப் போட்டு, ஒரு மணி நேரம் மூடி வைக்க வேண்டும். அந்த நேரத்தில் தானியத்தின் மாவுச்சத்து சர்க்கரையாக மாறும். அந்தச் சர்க்கரையைத் தின்றுதான் ஈஸ்ட் பொங்கும். மூடியைத் திறந்து ஒரு சொட்டு எடுத்து அயோடின் விட்டேன். மை மாதிரி கறுத்தது. மாவுச்சத்து மாவுச்சத்தாகவே இருந்தது. வடிகட்டப் போனால் மாவு துணிப்பையில் பசையாக அப்பிக்கொண்டு ஒரு சொட்டுகூட இறங்கவில்லை. எப்படியோ பிழிந்து, கொதிக்க வைத்து, ஆற்றி, ஈஸ்ட்டைத் தூவினோம். நாட்கள் போயின. வாளி கல்லு மாதிரி நின்றது.

ஹெலன் ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட்டாள். தெர்மாமீட்டர் பொய் சொல்கிறதோ என்று ஐஸ் தண்ணீரில் வைத்துப் பார்த்தோம், சரியாக இருந்தது. ஈஸ்ட் செத்துவிட்டதோ என்று சர்க்கரைத் தண்ணீரில் போட்டோம், பொங்கி வழிந்தது. வாளி மூடியில் காற்று கசிகிறதோ என்று சோப்பு நுரை தடவிப் பார்த்தோம். கராஜ் குளிர்கிறது என்று வாளிக்குக் கம்பளி சுற்றினோம். கடையில் வாங்கிய மாவுதான் கோளாறு என்று அவள் முடிவு கட்டினாள். எனக்குச் சுள்ளென்று வந்தது. கடை மாவு இல்லை, என் அம்மா கையால் செய்தது என்றேன். சரி, நீயே முளைகட்டு, கண்ணெதிரே நடக்கட்டும் என்றாள். இந்திய மளிகைக் கடையில் ராகி வாங்கி, ஊற வைத்து, ஈரத்துணியில் கட்டி, வீட்டில் வெந்நீர்த் தொட்டி இருக்கும் அலமாரிக்குள் தொங்கவிட்டேன். குட்டி குட்டியாக வெள்ளை வால் விட்டு அழகாக முளைத்தது. காய வைத்து, பக்குவம் பண்ணி, திரித்து எடுத்துக்கொண்டு போனேன். மறுபடியும் அயோடின் கறுத்தது.

அன்றைக்கு நான் அழுதேவிட்டேன். ஹெலன் என்னை நாற்காலியில் உட்கார வைத்து, முளை வந்ததிலிருந்து என்னென்ன செய்தாய், ஒன்று விடாமல் சொல் என்றாள். ஊற வைத்தேன், கட்டினேன், காய வைத்தேன், அரைத்தேன் என்றேன். "பச்சையாகவே அரைத்தாயா?" என்று கேட்டாள். சேச்சே, பச்சையாக யாராவது அரைப்பார்களா என்றேன். அவள் என்னையே பார்த்தாள். "அப்படியென்றால்?" என்றாள். வறுத்துத்தான் அரைத்தேன், வாணலியில், வாசனை வரும்வரை என்றேன். ஹெலன் தலையில் கை வைத்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள்.

மாவுச்சத்தை உடைக்கும் நொதிகளை முளை உண்டாக்குகிறது. வாணலிச் சூட்டில் அவை அத்தனையும் செத்துப்போகும். இது எனக்குத் தெரியாதா? பாடமாகப் படித்து, பரீட்சை எழுதி, ஆய்வகத்தில் தினமும் நொதிகளோடு குப்பை கொட்டுகிறவள் நான். ஆனால் பச்சை வாடை போக வறுப்பது எங்களுக்கு ஒரு வேலையாகவே தோன்றாது. பாலக்கோட்டுப் பக்கம் யாரைக் கேட்டாலும் ராகியைக் காய வைத்தேன் அரைத்தேன் என்றுதான் சொல்வார்கள். நடுவில் வறுத்தது அதிலேயே அடக்கம். கேட்டவளுக்கு அது தெரியாது, சொன்ன எனக்கு அதைச் சொல்ல வேண்டும் என்று தெரியாது.

மூன்றாம் தடவை வறுக்கவில்லை. மெல்லிய சூட்டில் உலர்த்தி, ரவை போல உடைத்தோம். ராகியின் மாவுச்சத்து இளக பார்லியைவிட அதிகச் சூடு வேண்டும், அந்தச் சூட்டில் நொதி தாங்காது. அதனால் ரவையை வெதுவெதுப்பான தண்ணீரில் ஊற வைத்து, நொதி கரைந்த அந்தத் தண்ணீரை முதலில் மேலாக இறுத்துத் தனியே வைத்துவிட்டு, அடியில் தங்கிய ரவையை மட்டும் கஞ்சியாகக் காய்ச்சி, ஆறியதும் மறுபடி ஒன்றாகச் சேர்த்தோம். நிறத்துக்கும் வாசனைக்கும் ஒரு கைப்பிடி வறுத்த ராகி, கசப்புக்கு ஹாப்ஸ் பூ. அயோடின் சொட்டு விட்டேன். தேன் நிறமாகவே நின்றது. மறுநாள் காலை கராஜ் கதவைத் திறந்தபோது வாளி குமிழ் விடும் சத்தம் கேட்டது. ராகிக் களி கிண்டும்போது வரும் வாசனையும் அடித்தது. அந்த வாசனையோடு அப்பாவின் நினைவு வரவில்லை என்பது எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

ஹெலன் அதை இந்த ஊரில் பீர் காய்ச்சுகிறவர்கள் மாதம் ஒருமுறை கூடும் இடத்துக்கு எடுத்துக்கொண்டு போனாள். என்னையும் இழுத்துப் போனாள். தாடி வைத்த ஒரு மனிதர் குடித்துப் பார்த்துவிட்டு, உங்கள் மக்கள் ஆயிரக்கணக்கான வருடங்களாக இதைக் குடிக்கிறார்களா என்று கேட்டார். இல்லை, பல் முளைக்காத குழந்தைகளுக்குக் கொடுப்போம் என்றேன். பீரையா என்று கண்ணை அகலத் திறந்தார். நான் விளக்கி முடிப்பதற்குள் ஓர் அட்டையில் "இந்தியக் கிராமத்துப் பாரம்பரிய பீர்" என்று எழுதி பாட்டிலுக்கு முன்னால் வைத்துவிட்டார். எங்கள் கிராமத்தின் பாரம்பரியத்தை என் அம்மா தோளில் சாய்த்து இழுத்து வந்தது இவருக்கு எங்கே தெரியப்போகிறது? பிடிவாதமாக நின்று அட்டையை எடுக்க வைத்தேன். அதற்குள் யாரோ கிளாசும் கையுமாக என்னைப் படம் பிடித்து, அவர்கள் குழுவின் இணையப் பக்கத்தில் என் பெயரோடு போட்டுவிட்டார்கள்.

படம் பாலக்கோடு போய்ச் சேர ஒருநாள்கூட ஆகவில்லை. அண்ணன் அருள் போன் செய்தான். "ஏய், போட்டோவுல கையில என்னாடி கிளாசு? சாராயம் காச்சறயாமே? பொம்மிடி சம்பந்தக்காரங்க பாத்துட்டாங்க. மாப்ளயோட பெரியப்பா, இது என்னா மாதிரி குடும்பம்னு கேக்கறாரு. எம்மூஞ்சிய எங்க கொண்டு போயி வெச்சிக்கறது?" பேசும்போதே அவனுக்கு நாக்கு குழறியது. அங்கே அப்போது சாயங்காலம், அவன் கடைக்குப் போய்த் திரும்பியிருக்கும் நேரம். அப்பா போன வழியிலேயே தினமும் போய் வருகிறவன் எனக்கு ஒழுக்கம் சொல்லித் தருகிறான். போனைச் சுவரில் அடிக்க வேண்டும் போல இருந்தது.

ஜெனிட்டா அடுத்த நாள் தனியாகக் கூப்பிட்டாள். தர்மபுரியில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர் அவள். பார்த்த இடமெல்லாம் ஏதாவது ஒரு காரணத்தால் தட்டிப்போய், இந்தப் பொம்மிடி இடம்தான் அமைந்து வந்திருந்தது. "அக்கா, எனக்கு அவர புடிச்சிருக்குக்கா. அவருக்கு இதெல்லாம் ஒரு விசயமே இல்ல, ஆனா பெரியப்பா பேச்ச தாண்ட மாட்டாங்க. நீ ஜூஸுன்னு சொல்லிடு. ஒரே ஒரு வார்த்த. எனக்காக" என்றாள். நான் செய்ததில் தப்பு என்ன என்று அவளிடம் கத்தினேன். "தப்புன்னு நான் சொன்னனாக்கா?" என்று கேட்டுவிட்டு அழுதாள்.

ஞாயிற்றுக்கிழமை போனில் ஸ்பீக்கர் போட்டுப் பேச ஏற்பாடாயிற்று. ஊரில் எங்கள் வீட்டில் மாப்பிள்ளையின் பெரியப்பா, அருள், அம்மா, ஜெனிட்டா எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். "என்னாங்கம்மா, அந்த போட்டோ என்னமோ சொல்றாங்களே?" என்று பெரியவர் ஆரம்பித்தார். "அது ராகி ஜூஸுங்க" என்றேன். வாணலியை இறக்கி வைத்துவிட்டு, அயோடினும் அழுகையுமாக நான் உண்டாக்கிய ஒன்றை என் வாயாலேயே இல்லை என்று சொன்னேன். பெரியவர் பெருமூச்சு விட்டார். "அப்டி சொல்லுங்க. நாங்க என்னமோன்னு பயந்துட்டோம். பொம்பள புள்ள அதயெல்லாம் தொடலாமுங்களா? எங்குளது கட்டுப்பாடான குடும்பமுங்க."

அதோடு நிறுத்தியிருந்தால் நானும் விட்டிருப்பேன். அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "அப்பறம், கல்யாணத்துக்கு வரும்போது நம்ம பசங்குளுக்கு ரெண்டு மூணு ஃபாரின் பாட்டில் எடுத்தாந்துருங்க. மொத நாளு மாப்ள வூட்டு ஆம்பளைங்குளுக்குப் பொண்ணு வூட்ல குடுக்கறது வழக்கந்தானுங்களே." அருள் முந்திக்கொண்டு, "அதெல்லாம் செஞ்சிரலாங்க. ஏர்போர்ட்ல வெளிய வர்ற எடத்துலயே கடை இருக்குது" என்றான். அப்பா செத்த வீட்டில், அவர் படத்துக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு பேசுகிறார்கள். பக்கத்தில் அம்மா இருக்கிறாள்.

"பெரியப்பா, மன்னிச்சிக்குங்க" என்றேன். "எங்க வூட்ல ஜூஸ் மட்டுந்தாங்க காச்சுவோம். பாட்டிலு வாங்கி பழக்கமில்லீங்க. பொம்பள புள்ள அதயெல்லாம் தொடலாமுங்களா? இப்பதான நீங்க சொன்னீங்க."

ஜெனிட்டா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததுபோல் ஒரு சத்தம் வந்து அடங்கியது. கடைசியில் பெரியவர், "அதும் செரிதாங்க" என்றார். இல்லை, சரக்கு வேண்டும்தான் என்று அத்தனை பேர் எதிரே அவரால் சொல்ல முடியவில்லை. கல்யாணம் நிற்கவில்லை. அருள்தான் பிறகு கூப்பிட்டு, எழுத முடியாத வார்த்தைகளால் என்னைத் திட்டினான். நானும் திருப்பித் திட்டினேன். எங்கள் அப்பா எங்களுக்கு விட்டுப்போன சொத்து அந்த வார்த்தைகள்தான்.

பெங்களூரு விமான நிலையத்தில் வெளியே வரும் வழியில் அவன் சொன்ன கடை பளபளவென்று இருந்தது. தூங்குகிற பையனைத் தோளில் போட்டுக்கொண்டு அதைக் கடந்து வந்தேன். எங்களைக் கூட்டிப்போக வந்திருந்த அருள் முதலில் தள்ளுவண்டியைப் பார்த்தான். "வாங்கலயா?" என்றான். இல்லை என்றேன். பெட்டிகளைக் காரில் விட்டெறிந்தான். கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம் பொம்மிடியிலிருந்து வேனில் வந்து இறங்கிய ஆண்களுக்கு மண்டபத்துக்குப் பின்னால் ஈரச் சாக்குப் போட்டு மூடிய பெட்டிகள் தயாராக இருந்தன. அருள் உள்ளூர்க் கடையில் வாங்கி வைத்திருந்தான். கட்டுப்பாடான குடும்பத்துப் பெரியவர் கண் சிவக்க என்னிடம் வந்து, "அந்த ராகி ஜூஸு ஒடம்புக்கு நல்லதுங்களாமா?" என்று விசாரித்துவிட்டுப் போனார்.

நான் மண்டபத்தின் சாமான் அறைக்குப் போனேன். அம்மா தரையில் உட்கார்ந்து வெற்றிலையைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து கதவைச் சாத்தினாள்.

"ஏண்டி, அது ஜூஸு இல்லதான?"

"இல்லம்மா. பீரு."

திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் கையிலிருந்த துணியை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். "அது எப்டிடி இருக்கும்?" என்றாள்.

"எது?"

"அதான். வாயில வெச்சா எப்டி இருக்கும்? இனிக்குமா? உங்கப்பன் அதுல என்னாத்த கண்டான்னு நானும் நெனச்சி நெனச்சி பாக்கறன். அவன தூக்கியாந்தன், வாந்திய வாரி கொட்டுனன், துணிய தொவச்சன். நாத்தந்தான் எனக்குத் தெரியும். யாரப் போயி கேக்கறது நானு?"

அப்பா குடித்தது வேறு, நான் காய்ச்சுவது வேறு என்றேன். நான் காய்ச்சுவதில் முதலில் ராகி வாசனை வரும், நாக்கில் லேசாகப் புளிக்கும், கடைசியில் கசக்கும் என்றேன். குழந்தைக்குச் சொல்வதுபோல நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். பாடம் கேட்பதுபோல அவளும் கேட்டுக்கொண்டாள். வெளியே ஆண்கள் ஏதோ சொல்லிப் பெரிதாகச் சிரித்தார்கள்.

"ஒரு வாய் கொண்டாந்திருக்கலாமில்ல" என்றாள்.

அந்த அறையின் ஜன்னல் ரோட்டைப் பார்த்து இருந்தது. எதிரே சரக்குக் கடையில் விளக்குப் போட்டிருந்தார்கள். எங்கள் பக்கத்து ஆண்கள், பொம்மிடி ஆண்கள் என்று ஆளாளுக்கு ரோட்டைக் கடந்து போவதும் வருவதுமாக இருந்தார்கள், வெற்றிலை வாங்கப் போகிறவர்களைப் போல. என் கராஜில் அந்நேரம் ஒரு வாளி நிறைய இருந்தது, ஹெலன் சாவி வைத்துக்கொண்டு தினம் ஒருதரம் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தாள். இங்கே பட்டுப்புடவையில் நின்றுகொண்டிருந்த என்னால், அம்மாவுக்கு ஒரு வாய் வாங்கிவர அந்த ரோட்டைக் கடக்க முடியவில்லை. அம்மா என் பக்கத்தில் வந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் அந்தக் கடையைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.